ஆழாக்கு வயிறு எப்போது நிறையும்? எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட புதியவர்களுக்கு

வயிற்றை வெட்டிச் சின்னதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து எட்டாவது வாரம். காலையில் ஒரே ஒரு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாம்பாரில் ஊறவைத்து, சின்னதாகப் பிய்த்து, நன்றாக மென்று நான்கு வாய் சாப்பிட்டிருப்பேன். மூக்கு ஒழுக ஆரம்பித்தது. துடைத்துக்கொண்டு ஐந்தாவது வாயை எடுத்தேன். அடுக்களையிலிருந்து வந்த அத்தை, "என்னம்மா, ஜலதோஷம் பிடிச்சுடுச்சா? தைலம் தேய்ச்சுக்கோ" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆறாவது வாய் இறங்கியதும் நெஞ்சு நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. ஏழாவது வாய் எடுத்ததுதான் தப்பு. அடுத்த கால் மணி நேரம் வாஷ்பேசின் பக்கத்திலேயே நின்றேன்.

ஜலதோஷமெல்லாம் ஒன்றுமில்லை. வயிறு நிறைந்துவிட்டதை மூக்கு சொல்லியிருக்கிறது. இது எனக்கு உறைக்க இன்னும் இரண்டு வாரமும் நான்கைந்து வாந்தியும் தேவைப்பட்டன.

இந்த அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று பக்கம் பக்கமாக அட்டவணை தருகிறார்கள். எப்போது நிறுத்துவது என்பது மட்டும் "வயிறு நிறைந்ததும் நிறுத்திவிடுங்கள்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. நிறைந்தது எப்படித் தெரியும் என்பதுதானே கேள்வி? அதற்குத்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளும் நான் சொல்வதும் எங்காவது மோதினால் தாளைக் கேளுங்கள்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது

பழைய முகத்தல் அளவையில் சொன்னால் சட்டென்று புரியும். வளர்ந்தவர் ஒருவரின் வயிறு விரிந்து கொடுத்தால் ஒன்று, ஒன்றரை லிட்டர் கொள்ளும். ஏறக்குறைய ஒரு படி. ஸ்லீவில் அதில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விட்டுவைக்கிறார்கள். தொடக்கத்தில் அதில் கொள்வது 100 முதல் 150 மில்லி வரை. ஓர் ஆழாக்கு என்பது 168 மில்லி, அதுகூட இல்லை. பைபாஸ் என்ற இன்னொரு வகை செய்தவர்களுக்கு இன்னும் சின்னது, மேலே 30 மில்லி கொள்கிற ஒரு பை. இருமல் மருந்து மூடியால் மூன்று மூடி. (சொந்தக்காரர்களிடம் பைபாஸ் என்று சொல்லும்போது "வயித்துல" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போனில் வெறுமனே பைபாஸ் என்று சொல்லிவைக்க, ஊரிலிருந்து அவருடைய சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்.)

அளவு குறைந்தது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றம் இருக்கிறது. வயிற்றின் மேல் பாகம் பலூன் மாதிரி. சாப்பாடு வரவர விரிந்து இடம் கொடுக்கும். அதனால்தான் முன்பெல்லாம் நிறைவு நிதானமாக வந்தது. நாலு கவளம் கூடப் போனாலும் வயிறு பொறுத்துக்கொண்டது. ஸ்லீவில் வெட்டி எடுப்பது அந்தப் பலூனைத்தான். மிஞ்சிய குழாய் அவ்வளவாக விரியாது. இந்த வாய் வரை ஒன்றுமே தெரியாது, அடுத்த வாயில் நெஞ்சை அடைக்கும்.

பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற ஹார்மோனும் பெரும்பாலும் அந்த மேல் பாகத்தில்தான் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். வெட்டிய பாகத்தோடு அதுவும் போய்விடுவதால் பலருக்கு முதல் சில மாதங்கள் பசியே எடுக்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பசி எடுக்காதவருக்குப் பசி அடங்குவதும் தெரியாது. நிறுத்துவதற்கு நாம் நம்பியிருந்த ஓர் அடையாளம் அங்கேயே போய்விடுகிறது. இன்னொரு பக்கம், சாப்பாடு குடலுக்கு வேகமாகப் போய்ச் சேருவதால் "போதும்" என்று சொல்லும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் முன்பைவிடக் கூடுதலாகவே சுரக்கின்றன. அந்தச் செய்தி மூளைக்கு எட்டி நமக்கு உறைக்க இருபது நிமிடம் ஆகும் என்பது பொதுக் கணக்கு. ஆழாக்கு வயிற்றை நிரப்ப ஐந்து நிமிடம் போதும். சிக்கல் முழுக்க அந்தப் பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது.

முதல் ஆறு வாரம் கிண்ணத்தை நம்புங்கள்

ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், பிறகு மோர், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலந்த பால், அப்புறம் மசித்தது, அப்புறம் குழைவானது என்று படிப்படியாகத்தான் திடச் சாப்பாட்டுக்கு வருவோம். இந்தக் காலத்தில் வயிறு சொல்வதை நம்ப வேண்டாம். உள்ளே வீக்கம் இருக்கும், தையல் ஆறிக்கொண்டிருக்கும், நரம்புகளும் இன்னும் சரியாகியிருக்காது. ஒருவருக்கு இரண்டு வாய் தண்ணீரிலேயே அடைக்கும். இன்னொருவருக்கு ஒரு டம்ளர் மோர் குடித்தும் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது வகை ஆட்கள்தான் பயந்துபோகிறார்கள். "எனக்கு நிறையவே மாட்டேங்குது, ஆபரேஷன் சரியாப் பண்ணலையோ?" அப்படியெல்லாம் இல்லை. நீர் வயிற்றில் தங்காது, வழிந்து குடலுக்குப் போய்விடும். தங்காத ஒன்று எப்படி நிறைவு தரும்? அதனால் இந்த வாரங்களில் எவ்வளவு கொள்கிறது என்று சோதித்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். டயட்டீஷியன் 30 மில்லி என்றால் மருந்து மூடியால் அளந்து குடியுங்கள். மூன்று ஸ்பூன் மசித்த பருப்பு என்றால் மூன்று ஸ்பூன். இன்னும் வேண்டும் போல இருந்தாலும் அவ்வளவுதான்.

திடச் சாப்பாட்டில் முதல் பாடம்

உண்மையான பயிற்சி திடச் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, அவசரமில்லாத ஒரு நாளாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. வேலைக்கு ஓடுகிற நாளில் இந்தப் பாடம் ஏறாது.

முதல் சாப்பாட்டுக்கு முட்டைப் பொடிமாஸ், முள் எடுத்த குழம்பு மீன், பனீர், கெட்டிப் பருப்பு இவற்றில் ஒன்று போதும். இவையெல்லாம் வயிற்றில் தங்கும், தங்குவதால் சரியான செய்தி கொடுக்கும். எப்படியும் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போக வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். அந்தக் கணக்கிலும் முதல் வாய் புரதத்துக்குப் போவதே நியாயம்.

பெரிய எவர்சில்வர் தட்டை உள்ளே வைத்துவிடுங்கள். அதில் அரை முட்டை கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வரும். நான் காபி டபராவை எடுத்துக்கொண்டேன். டம்ளர் போக டபரா மட்டும். அதில் போட்டால் கண்ணுக்கும் நிறைவாக இருக்கும், அளவும் கைமீறாது. குழந்தைக்கு ஊட்டுகிற சின்ன ஸ்பூன், கண்ணில் படுகிற இடத்தில் ஒரு கடிகாரம், அவ்வளவுதான் தேவை. போனை வேறு அறையில் வையுங்கள். டிவியையும் நிறுத்துங்கள். எனக்கு நடந்த பெரிய விபத்துகள் மூன்றுமே சீரியல் பார்த்துக்கொண்டே சாப்பிட்டபோது நடந்தவை.

ஒரு வாய் என்றால் கொண்டைக்கடலை அளவு. இருபது, இருபத்தைந்து முறை மெல்லுங்கள், வாயிலேயே கூழாக வேண்டும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொல்லிவைத்தவர்கள் நம் தையலைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனாலும் பொருந்துகிறது. விழுங்கிய பிறகு ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

இங்கே நம் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையால் சாப்பிட்டுப் பழகியவர்களைக் கவனித்துப் பாருங்கள். வாய் மென்றுகொண்டிருக்கும்போதே கை அடுத்த கவளத்தை உருட்டி ரெடியாக வைத்திருக்கும். வாய் காலியான அதே நொடியில் அது உள்ளே போகும். நடுவில் யோசிக்க இடமே இல்லை. எனக்கு இது என் கையை வீடியோ எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதனால் ஸ்பூனைக் கீழே வைத்தால் மட்டும் போதாது, கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாய் முழுதும் காலியான பிறகுதான் கை மேலே வர வேண்டும்.

ஒவ்வொரு வாய்க்கும் நடுவே உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். "வயிறு நிறைந்துவிட்டதா?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பழைய வயிற்றை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வோம், பதில் எப்போதும் "இல்லை" என்றே வரும். "போன வாய் ருசித்த அளவுக்கு இந்த வாய் ருசித்ததா?" என்று கேளுங்கள். ருசி லேசாக மங்கியிருந்தால் கிட்டத்தட்ட அங்கேதான் எல்லை. ஸ்பூனை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் உண்மையாகவே வேண்டும் போல இருந்தால் இன்னொரு வாய். எனக்குப் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில் டபரா பக்கம் திரும்பவே தோன்றாது.

அரை மணி நேரம் ஆனதும், மிச்சம் இருந்தாலும் எழுந்துவிடுங்கள்.

உடம்பு எப்படிச் சொல்லும்

ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் ஒரு வரிசை உண்டு. முதலில் வருவது மெல்லிய குறிகள்: ருசி மங்குவது, கை தானாக மெதுவாவது, காரணமில்லாமல் ஒரு பெருமூச்சு, சின்ன ஏப்பம், சாப்பாட்டிலிருந்து கவனம் விலகிச் சன்னல் பக்கம் போவது. என் தங்கைக்கும் இதே சிகிச்சைதான். அவளுக்குச் சரியாக அந்த இடத்தில் ஒரு தும்மல் வரும், ஒன்றே ஒன்று. நிறுத்த வேண்டிய இடம் இதுதான்.

இதைத் தவறவிட்டால் அடுத்த சுற்று: மூக்கு ஒழுகுவது, விக்கல், கண்ணில் நீர், மார்பெலும்புக்குக் கீழே ஓர் அழுத்தம். பழைய நிறைவு தொப்புள் பக்கம் தெரியும், புதியது இவ்வளவு மேலே தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கீழே தேடிக்கொண்டிருந்தேன், அது மேலே வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கட்டத்தில் வாயில் இருப்பதைக்கூடத் துப்பிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதையும் தாண்டினால் வலி, குமட்டல், வியர்வை, சில பேருக்கு இடது தோளில் ஒரு குத்தல். வயிற்றுக்கு மேலே இருக்கும் உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் அங்கே தெரிகிறது. வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறும். உள்ளே எதோ சிக்கிக்கொண்டது என்று பொருள். அப்போது தண்ணீர் குடித்துத் தள்ளிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள், மேலேயே திரும்பும். எழுந்து மெதுவாக நடங்கள், ஊறுகிற எச்சிலைத் துப்புங்கள், அது தானாக இறங்கும்.

உங்கள் மெல்லிய குறி எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் மாதத்து வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, என்ன சாப்பிட்டேன், எத்தனை ஸ்பூன், எத்தனை நிமிடம், கடைசி வாய்க்கு முந்தி என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். "கடைசி வாய்க்கு முந்தி" என்பதுதான் முக்கியமான கட்டம். இரண்டு வாரத்தில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். வீட்டில் ஒருவரைக் கண்காணிக்கச் சொல்வதும் உதவும். அத்தைக்கு விஷயம் புரிந்த பிறகு என்னைவிட அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். "மூக்கு வந்தாச்சு, எந்திரி."

ஒவ்வொரு பண்டமும் ஒவ்வொரு மாதிரி

முட்டை, மீன், கோழி, சுண்டல், பனீர் எல்லாம் உண்மை பேசுகிறவை. சீக்கிரம் நிறையும், நெடுநேரம் நிற்கும். கோழி மட்டும் வறண்டிருந்தால் சிக்கும், குழம்போடு சாப்பிடுங்கள்.

சோறு தந்திரக்காரன். போகும்போது ஒன்றும் தெரியாது, உள்ளே போய் ஒட்டிக்கொண்டு கட்டியாகி, பத்து நிமிடம் கழித்து அடைக்கும். சப்பாத்தி, பரோட்டா, பிரெட் இவையும் மாவாகத் திரண்டு நிற்கும். முறுகலான தோசை இவற்றைவிடப் பரவாயில்லை என்பது என் அனுபவம். சோற்றை நான் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி தொட்டேன், அதுவும் இரண்டு ஸ்பூன்.

மிகவும் ஆபத்தானவை நிறைவே காட்டாதவை. முறுக்கு, மிக்சர், சிப்ஸ், பிஸ்கட், ஐஸ்கிரீம். வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு முட்டையை முடிக்க முடியாத அதே வயிற்றில் ஒரு பாக்கெட் மிக்சர் காணாமல் போகும். "அடைக்கவில்லை, அதனால் எனக்கு ஒத்துக்கொள்கிறது" என்று இதற்கு அர்த்தம் செய்துகொண்டவர்கள்தான் இரண்டாவது வருடம் எடை ஏறி வருகிறார்கள். ரசம் ஊற்றிப் பிசைந்த சோறும் கஞ்சியும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்.

தண்ணீரும் இதில் சேர்த்தி. சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் உள்ளே இருப்பது இளகி இறங்கிவிடும், நிறைவுக் குறியும் அதோடு போய்விடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தண்ணீர் வேண்டாம் என்பது அதனால்தான். மற்ற நேரத்தில் வாய் வாயாகக் குடித்து ஒன்றரை லிட்டரை எட்டிவிட வேண்டும்.

இனிப்பு தனிக் கதை. பாயசமோ ஜிலேபியோ சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி வந்தால் அது நிறைவில்லை, டம்பிங் என்பார்கள். சர்க்கரை மொத்தமாகக் குடலில் போய் விழுவதால் வருவது. பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுங்குவதும் உண்டு. ஒரு வாய்தான் சாப்பிட்டேன் என்றாலும் வரும், ஆகவே இதை வைத்து வயிற்றின் அளவைக் கணக்குப் போடாதீர்கள்.

பொய்ப் பசி

சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வயிற்றைக் கிள்ளினால் அது பசியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமிலம் சுரப்பது அப்படியே பசி போலத் தெரியும். டாக்டர் கொடுத்த, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நானாகவே நிறுத்தியிருந்த ஒரு வாரம், நாள் முழுக்கப் பசித்தது. மாத்திரையை மறுபடி போட்டதும் அடங்கிவிட்டது. தாகமும் பசி வேஷம் போடும். முதலில் நாலு வாய் தண்ணீர், பிறகு பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகும் இருந்தால் ஒரு முட்டை சாப்பிடுவேனா என்று கேளுங்கள். முட்டை வேண்டாம், முறுக்கு என்றால் சரி என்று பதில் வந்தால் பசிப்பது வயிற்றுக்கு இல்லை.

பந்தியில் உட்காரும்போது

யோசித்துப் பார்த்தால் நமக்குச் சாப்பாடு முடிந்தது என்று சொன்னது வயிறே இல்லை, மோர்தான். சாம்பார், ரசம், மோர் என்று வரிசை முடிந்தால் சாப்பாடு முடிந்தது. இலை காலியானால் முடிந்தது. பரிமாறுகிறவர் நகர்ந்தால் முடிந்தது. நாற்பது வருடம் இப்படி வெளியிலிருந்து வந்த சைகைகளுக்கு எழுந்தவர்களுக்கு, பொரியலும் இரண்டு வாய்ப் பருப்பும் சாப்பிட்டதுமே முடிந்துவிட்டது என்பது ஏற்கவே முடியாத விஷயம். மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்தால் எனக்கு இன்றும் பாதியில் எழுந்த மாதிரித்தான் இருக்கிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கடைசியாக அரை ஸ்பூன் கெட்டித் தயிரை வாயில் வைத்து எழுவேன். மனசு அதை மோர் சாதம் என்று எடுத்துக்கொள்கிறது.

கல்யாண வீட்டில் "போதும்" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும். இலையின் மேல் இரண்டு கையையும் விரித்துக் குனிந்துகொள்வதுதான் வேலைக்கு ஆகும். இல்லையென்றால் முதல் பந்தியைத் தவிர்த்துவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு வீட்டு ஆட்களோடு உட்காருங்கள். "வயித்துல ஆபரேஷன், டாக்டர் இவ்வளவுதான் சொல்லியிருக்கார்" என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். என்ன ஆபரேஷன் என்று விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இலையில் மிச்சம் வைப்பது குற்ற உணர்ச்சியாக இருக்கும். எனக்கு இருந்தது. இப்போது போடும்போதே குறைவாகப் போடச் சொல்கிறேன். வீட்டில் மிச்சம் டப்பாவுக்குப் போகும், மூன்று மணிக்கு அதுவே அடுத்த வேளை.

மாதங்கள் போகப் போக

இரண்டாவது மாதம் ஒரு முட்டையில் முக்கால் சாப்பிட்ட நான், ஒரு வருடத்தில் ஒன்றரை இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிட்டேன். வயிறு பழையபடி பெரிதாகிவிட்டதோ என்று பதறிப்போய் டயட்டீஷியனிடம் ஓடினேன். வீக்கம் வடிந்து குழாய் கொஞ்சம் தளர்வது இயல்புதான், பசியும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் ஓரளவு திரும்பும் என்றார். குறிகளும் மாறும். என் மூக்கு இப்போதெல்லாம் அவ்வளவாக ஒழுகுவதில்லை, பெருமூச்சு மட்டும் வருகிறது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பழைய நோட்டை எடுத்து, ஒரு வாரம் மட்டும் மறுபடி எழுதிப் பார்க்கிறேன்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

அதிகமாகச் சாப்பிட்டு எப்போதாவது வாந்தி வருவது வேறு. கொஞ்சமாகச் சாப்பிட்டும் தினமும் வாந்தி வந்தால், நேற்று இறங்கிய சாப்பாடு இன்று இறங்காவிட்டால், தண்ணீரே தங்காவிட்டால் "நான்தான் மெல்லவில்லை" என்று உங்களையே திட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். பாதை சுருங்கியிருக்கலாம். வாந்தி தொடர்ந்தால் பி1 வைட்டமின் வேகமாகக் குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும்; பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் எல்லாம் அவசர சிகிச்சைக்கு உரியவை. சிக்கிய சாப்பாடு சில மணி நேரத்தில் இறங்காமல் எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டாலும் அப்படித்தான். முதல் வாரங்களில் காய்ச்சலோ, ஓயாத படபடப்போ, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலியோ, இடது தோள் வலியோ இருந்தால் தையலில் கசிவா என்று பார்க்க வேண்டியிருக்கும். அப்போது ராத்திரி எத்தனை மணி ஆனாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும் அவசர எண்ணை உங்கள் போனில் மட்டுமில்லாமல் வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டுவையுங்கள். எங்கள் வீட்டில் அது அத்தை போனில் இருக்கிறது, "மூக்கு டாக்டர்" என்ற பெயரில்.